பிக்காசாவும் அப்பாயி சொன்ன பேர்களும்

போன மாசம் லால்குடி வீட்டுப் பரண்ல இருந்து ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கை இறக்கினேன். 160 ஜிபி. அதுக்குள்ள என்ன இருந்ததுன்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும், பொறுத்துக்கோங்க.

2010 கோடை லீவு. எனக்கு 12 வயசு. சித்தப்பா ஒரு ஸ்கேனர் வாங்கிட்டு வந்து, அப்பாயியோட டிரங்குப் பெட்டில கிடந்த கறுப்பு வெள்ளைப் படங்களை ஒண்ணொண்ணா ஸ்கேன் பண்ணினார். பொட்டியில பிக்காசா இருந்தது. அது படத்துல இருக்கற முகத்தை எல்லாம் தனித்தனியா வெட்டி வரிசையா நிறுத்தி, இது யாரு, அது யாருன்னு கேக்கும். அப்பாயி வெத்தலையை ஒதுக்கிக்கிட்டே பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்ல, நான் தட்டுவேன். "இது எங்க சின்ன அத்தைடா கண்ணு, இது டைலர் மாமா, இவ கல்யாணத்தன்னிக்கே கோச்சுக்கிட்டுப் போனவ." கடைசியா சொன்னதையும் நான் அப்படியே பேரா அடிச்சு வெச்சேன் :-)

2013ல அப்பாயி போயிட்டாங்க. 2014ல புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அப்பா படங்களை எல்லாம் வருஷவாரியா அடுக்கறேன்னு, ஃபோல்டருக்குள்ள போயி படங்களை மட்டும் செலக்ட் பண்ணி புது ஃபோல்டர்கள்ல போட்டார். புதுசா பிக்காசா போட்டுத் திறந்து பாத்தா முகம் எல்லாம் இருக்கு, ஒத்தப் பேரு இல்ல. சொல்ல வேண்டிய ஆளும் இல்ல.

அந்தப் பேரெல்லாம் எங்க போச்சு? இதுக்குப் பதில் தேடப் போய்த்தான், டிஜிட்டல் படங்களை அடுக்கி வைக்கற மென்பொருட்களோட முழு வரலாறும் தோண்ட வேண்டியதாப் போச்சு. சுருக்கமா சொன்னா, அந்த வரலாறே ஒரே ஒரு கேள்வியோட வரலாறு: படத்தைப் பத்தின தகவலை எங்க எழுதி வைக்கறது?

ஃபிலிம் காலத்துல இதுக்குப் பதில் சுலபம். படத்தோட முதுகுல பேனாவால எழுதுவாங்க. டிஜிட்டல் படத்துக்கு முதுகு கிடையாது. பத்திரிகைக்காரங்கதான் முதல்ல இதை யோசிச்சாங்க. ஐபிடிசிங்கற பத்திரிகை அமைப்பு 1990களின் தொடக்கத்துல, படத்தோட தலைப்பு, எடுத்தவர், ஊர் இதையெல்லாம் வரையறை பண்ணி வெச்சது. அதை ஃபோட்டோஷாப் எடுத்துக்கிட்டு ஜேபெக் கோப்புக்குள்ளயே எழுத ஆரம்பிச்சது. அடுத்து 1995ல ஜப்பான் மின்னணுத் தொழில் சங்கமான ஜெய்டா, எக்ஸிஃப்னு ஒரு தரத்தை வெளியிட்டது. எடுத்த நேரம், ஷட்டர் வேகம், ஃப்ளாஷ் அடிச்சுதா இல்லையா எல்லாத்தையும் கேமராவே கோப்புக்குள்ள எழுதிடும். உங்க கேமரா கார்டுல டிசிஐஎம்னு ஒரு ஃபோல்டர் இருக்கே, அதுவும் இவங்க 1998ல வகுத்ததுதான். நாலு எழுத்து, நாலு எண். 9999 படம் எடுத்த பிறகு மறுபடி 0001. ஒரே வீட்டுல ஒரே பேர்ல ரெண்டு படம் எப்படி வந்துச்சுன்னு யோசிச்சிருக்கீங்களா? காரணம் இதுதான்.

எக்ஸிஃப்ல எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம்: நேரத்தை அது எண்ணா வைக்கறதில்ல, 19 எழுத்து கொண்ட சரமா வைக்கும். யுனிக்ஸ் கடிகாரம் மாதிரி 1970ல தொடங்கற தலைவலி இல்ல. 1962 கல்யாணப் படத்துக்கு 1962னே போடலாம். பிடிக்காத விஷயம்: எந்த ஊர் நேரம்னு எழுத அதுல இடமே இல்லாம இருந்தது. அந்த இடம் 2016ல வந்த 2.31 பதிப்புலதான் கிடைச்சது. 21 வருஷம் ஆச்சுங்க!

சரி, தகவலை எழுதியாச்சு. அதை வெச்சு அடுக்கறது யாரு? 2000 வாக்குல கேமரா விலை இறங்கி வீட்டுக்கு வீடு வந்ததும் படங்கள் குவிஞ்சுது. 1994லயே வந்த ஏசிடிசீ படத்தை வேகமா காட்டும், அவ்வளவுதான். 2002 ஜனவரில ஆப்பிள் ஐஃபோட்டோவைக் கொண்டு வந்தது. அழகா இருக்கும். ஆனா படத்தை எல்லாம் இழுத்துத் தன் சொந்த நூலகத்துக்குள்ள போட்டுக்கும், நம்ம ஃபோல்டர் ஒழுங்குக்கு அங்க மரியாதை இல்ல. 2003ல வந்த ஃபோட்டோஷாப் ஆல்பத்துல காலண்டர் மாதிரி தேதிவாரியா பாக்கலாம். லினக்ஸ் ஆசாமிகளுக்கு 2001ல ரெஞ்சி ராஜு தொடங்கின டிஜிகாம். இது இன்னிக்கும் உயிரோட இருக்கு, அதனால கடைசில மறுபடி வரும்.

இப்ப நம்ம ஹீரோ. கலிஃபோர்னியாவின் பாசடேனால பில் கிராஸ் நடத்தின ஐடியாலேப் பட்டறையில, லைஃப்ஸ்கேப்னு ஒரு சின்னக் கம்பெனி 2002ல வெளியிட்டதுதான் பிக்காசா. ஓவியர் பிக்காசோ, ஸ்பானிஷ்ல 'என் வீடு'ங்கறதுக்கான 'மி காசா', ஆங்கிலத்துல படத்துக்கான 'பிக்' மூணையும் பிசைஞ்ச பேரு. அதோட முக்கிய எஞ்சினியர் மைக்கேல் ஹெர்ஃப். ராத்திரில திரையை மஞ்சளாக்கற எஃப்.லக்ஸ் போட்டிருக்கீங்களா? அதுவும் அவர் கைவண்ணம்தான். 2004 ஜூலைல கூகுள் இதை வாங்கி, காசுக்கு வித்துக்கிட்டிருந்ததை இலவசமாக்கிடுச்சு. அப்புறம்தான் நம்ம ஊர் பிரவுசிங் சென்டர் வரைக்கும் வந்து சேர்ந்தது.

இதுல என்ன விசேஷம்னா, பிக்காசா எந்தப் படத்தையும் நகர்த்தாது. டிஸ்க் முழுக்க மோப்பம் பிடிச்சு, எங்க இருக்கோ அங்கேயே வெச்சுக் காட்டும். படத்தை நீங்க வெட்டினாலும் வெளிச்சம் கூட்டினாலும் அசலைத் தொடாது. என்ன பண்ணினீங்கங்கற குறிப்பை மட்டும் அந்தந்த ஃபோல்டர்ல பிக்காசா.ஐஎன்ஐன்னு ஒரு மறைவான கோப்புல எழுதிக்கும். 512 எம்பி ராம் உள்ள பொட்டிலயும் ஆயிரக்கணக்கான படம் வழுக்கிக்கிட்டு ஓடும். ஒரு எஞ்சினியரா சொல்றேன், இப்பவும் இந்த வடிவமைப்புக்கு நான் சலாம் போடுவேன்.

முக அடையாளம் 2008 செப்டம்பர்ல முதல்ல வலை ஆல்பத்துலயும், 2009 செப்டம்பர்ல 3.5 பதிப்பு மூலமா கம்ப்யூட்டர்லயும் வந்தது. இதுக்காகவே கூகுள் 2006ல நெவன் விஷன்ங்கற கம்பெனியை வாங்கியிருந்தது. இங்கதான் வந்தது வினை. படத்துக்குக் கீழ எழுதற விளக்கத்தை பிக்காசா ஐபிடிசி முறைப்படி ஜேபெக்குக்குள்ளயே எழுதும். முகத்தோட பேரை மட்டும் அந்த மறைவுக் கோப்புலயும் தன்னோட தரவுத்தளத்துலயும்தான் வெச்சுக்கும். முகத்தைக் கோப்புக்குள்ள எப்படி எழுதறதுன்னு அப்போ பொதுத் தரம் கிடையாது. அடோபி, ஆப்பிள், கேனான், மைக்ரோசாஃப்ட், நோக்கியா சேர்ந்த ஒரு குழு அதை 2010 கடைசிலதான் வகுத்தது. பிக்காசாவும் பிந்தைய பதிப்புகள்ல அந்த வசதியைக் கொடுத்தது, ஆனா தானா எழுதாது, நாமதான் தேடிப் போய் இயக்கணும். யாரு தேடினா? எங்க வீட்டுல தேடலை.

2015 மே மாசம் கூகுள் ஃபோட்டோஸ் வந்தது. 2016 மார்ச் 15ஓட பிக்காசாவுக்கு ஆதரவு நின்னுது. புதுசு பேரே போடாம 'கடல்', 'நாய்'னு தேடினாலே எடுத்துக் கொடுக்கும், நல்ல விஷயம்தான். கணக்கு வழக்கில்லாம இலவசமா ஏத்தலாம்னு சொன்னதை 2021 ஜூன் 1ல நிறுத்திக்கிட்டாங்க, அது தனிக் கதை. ஆனா எவ்வளவு புத்திசாலியா இருந்தாலும், டைலர் மாமாவைக் காட்டினா அதுக்கு யாருன்னு தெரியாதே. போதாக்குறைக்கு எங்க ஸ்கேன் படங்களுக்கு எல்லாம் ஸ்கேன் பண்ணின தேதியே எடுத்த தேதி ஆயிடுச்சு. 1962ல மாலையும் கழுத்துமா நின்ன தாத்தா, 2010ல என் சைக்கிள் படத்துக்குப் பக்கத்துல நிக்கறார்.

இனி பரண் டிஸ்க்குக்கு வரேன். அப்பா படங்களை நகல்தான் எடுத்திருக்கார், வெட்டி எடுக்கலை. அதனால பழைய ஃபோல்டர்கள் அப்படியே இருந்தது. மறைவுக் கோப்புகளைக் காட்டச் சொன்னேன், மங்கலா எட்டிப் பாத்துச்சு அந்த ஐஎன்ஐ. கை நடுங்கிச்சுன்னு சொன்னா மிகைன்னு நினைப்பீங்க. நிஜமாவே நடுங்கிச்சு.

உள்ள ஒவ்வொரு படத்தோட பேருக்கும் கீழ, முகம் இருக்கற கட்டத்தை ஒரு 64 பிட் எண்ணா எழுதியிருக்கும். அதை நாலாப் பிரிச்சு ஒவ்வொண்ணையும் 65536ஆல வகுத்தா இடது, மேல், வலது, கீழ்னு நாலு ஓரம் கிடைக்கும். பக்கத்துல ஒரு அடையாள எண். எந்த எண்ணுக்கு எந்தப் பேருங்கற பட்டியலும் அதே கோப்புல இருக்கு. பைத்தான்ல ஒரு சின்ன நிரல் எழுதி, 2003ல இருந்து ஃபில் ஹார்வி பராமரிச்சுக்கிட்டு வர எக்ஸிஃப்டூல் மூலமா பேர்களை அந்தப் பொதுத் தரப்படி ஜேபெக்குக்குள்ளயே எழுதினேன். தெரிஞ்ச வருஷங்களையும் போட்டேன். டிஜிகாம்ல திறந்தேன். 61 பேர் பேரோட வந்து நின்னாங்க. கோச்சுக்கிட்டுப் போனவங்க உட்பட.

ஒரே ஒரு சிக்கல். ஒன்பது படத்துல வர ஒரு மீசைக்காரருக்கு நான் வெறும் 'மாமா'ன்னு அடிச்சு வெச்சிருக்கேன். யாருக்கு மாமா? அப்பாயிக்கா, அப்பாவுக்கா, இல்ல எனக்குப் புரியணும்னு அப்பாயி என் முறையில சொன்னாங்களா? கேட்டு எழுதற அளவுக்கு அப்ப எனக்கு வயசில்ல. சித்தப்பா, அது அப்பாயியோட தாய்மாமன்தான், திருமானூர்க்காரர்னு சொல்றார். அப்பா அந்த மீசையைப் பாத்துட்டு, அவர் அந்தப் படம் எடுக்கறதுக்கு முன்னாடியே செத்துட்டார்டாங்கறார். பெரிய அத்தை அடுத்த வாரம் சென்னை வராங்க. ஒன்பது படத்தையும் பெருசா பிரிண்ட் போட்டு வெச்சிருக்கேன்.