கண்டிக் காட்டோரக் கல்லறைகள்

கண்டி தலதா மாளிகைக்குச் செல்பவர்களிற் பெரும்பாலானோர் வழிபாடு முடிந்ததும் வாவிக்கரைப் பக்கமாகத் திரும்பிவிடுவார்கள். மாளிகைக்குப் பின்னால், தேசிய நூதனசாலையை ஒட்டி மேலே ஏறும் சிறு பாதை அவர்கள் கண்ணிற் படுவதில்லை. தொழில் நிமித்தம் எத்தனையோ தடவை கண்டிக்குப் போய்வந்த நானும், ஐம்பது வயதைக் கடந்த பிறகுதான் அந்தப் பாதையிற் கால் வைத்தேன்.

மெதுவாக நடப்பவருக்கும் சில நிமிட ஏற்றந்தான். ஆனால் அந்தச் சில நிமிடத்துக்குள் நகரம் மறைந்துவிடுகிறது. மரங்கள் தலைக்கு மேலே கூடிக்கொள்கின்றன. வாகன இரைச்சல் தேய்ந்து குரங்குகளின் சத்தம் கேட்கத் தொடங்குகிறது. மேலே பரந்து கிடப்பது உடவத்தகலைக் காடு. கண்டியரசர் காலத்தில் அது அரண்மனைக்குரிய வனம். குடிமக்கள் உள்ளே நுழையக் கூடாது. 1938இல் சரணாலயமாக்கப்பட்ட அந்தக் காட்டின் பரப்பு இன்று ஏறத்தாழ 104 ஹெக்டேயர்.

பாதை சென்று முடியும் இடத்தில் இருப்பது பிரித்தானியப் படையினரின் மயானம். கண்டி இராச்சியம் வீழ்ந்து இரண்டே ஆண்டுகளில், 1817இல், அது தொடங்கப்பட்டது. நகர எல்லைக்குள் பிரேதங்களை அடக்கஞ் செய்வது தடுக்கப்பட்டதால் 1873இல் மூடப்பட்டது. ஏற்கெனவே அங்கு அடக்கமானோரின் உறவினருக்கு மாத்திரம் விதிவிலக்கு இருந்தது. கடைசி அடக்கம் 1951இல் நடந்தது. அதன் பின்னர் காடு கீழிறங்கி வந்து கல்லறைகளை மூடிக்கொண்டது. 1990களின் இறுதியிலேதான் செடிகொடிகளை வெட்டி மீட்டெடுத்தார்கள். மொத்தம் 195 பேர்.

இங்கே போரில் மாண்டவர்களைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். பெரும்பாலோரைக் கொன்றது காய்ச்சல். கப்டன் மக்கிளாஷன் என்பவரின் கதை ஒன்றே போதும். புசாக்கோ, அல்புவேரா, வோட்டர்லூ என்று நெப்போலியனுக்கு எதிரான மூன்று பெரும் சமர்களிலும் தப்பியவர், 1817இல் திருகோணமலையிலிருந்து கண்டிக்கு நடந்து வந்த வழியில் மழையில் நனைந்து மலேரியாவுக்குப் பலியானார். நெப்போலியனால் முடியாததை வழிக் காட்டின் நுளம்பு செய்து முடித்தது. ஜோன் ஸ்பொட்டிஸ்வுட் றொபேர்ட்சன் 1856இல் யானையால் இறந்தார். இலங்கையில் காட்டு யானையால் கொல்லப்பட்டதாகப் பதிவான ஐரோப்பியருள் அவர் ஏழாமவர், கடைசியானவருங்கூட. 1861இல் டேவிட் ஃபின்ட்லே தம் வீடு இடிந்து விழுந்து இறந்தார். 1867இல் வில்லியம் மக்வுட் குதிரையிலிருந்து இறங்கியபோது, கோப்பிக் கன்று நடுவதற்காக நாட்டியிருந்த முளை குத்தி இறந்தார். ஆளுநர் சேர் வில்லியம் கிரெகரியின் மனைவி எலிசபெத்தும் 1873இல் மறைந்து இங்கே துயில்கிறார். (கிரெகரி பின்னர் மணந்த இரண்டாம் மனைவிதான் அயர்லாந்து நாடக உலகில் 'லேடி கிரெகரி' என்று புகழ்பெற்றவர்.)

நான் அதிக நேரம் நின்றது சேர் ஜோன் டொயிலியின் கல்லறைக்கு முன்னால். 1801இல் இலங்கைக்கு வந்து, சிங்களத்தைக் கற்றுத் தேர்ந்து, கண்டிப் பிரதானிகளோடு இரகசியத் தொடர்பு வைத்து, 1815 மார்ச் 2ஆம் திகதி உடன்படிக்கை வரை காரியத்தைக் கொண்டுசென்றவர் அவர். ஒரு குண்டும் சுடாமலே ஓர் இராச்சியத்தை வென்று கொடுத்தவர் என்று சொன்னால் அது மிகையாகாது. 1824 மே மாதம், ஐம்பது வயது நிறையுமுன்னரே, அவரையும் காய்ச்சல் கொண்டுபோயிற்று. அவரால் அரியணை இழந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட நாயக்க வம்சத்தவன், வேலூரில் சிறையிருந்து 1832இல் இறந்தான். அவனது சமாதி பாலாற்றங்கரையில் இருக்கிறது. வென்றவனின் கல்லறை தோற்றவனின் அரண்மனை வனத்து ஓரத்தில். தோற்றவனின் கல்லறை கடலுக்கு அப்பால். ஆயினும் இருவருக்கும் கல்லும் பெயரும் உண்டு.

இந்த நாட்டிலுள்ள ஐரோப்பியக் கல்லறை எழுத்துகளைத் திரட்டி, சிவில் சேவை அதிகாரி ஜே. பென்றி லூயிஸ் 1913இல் ஒரு பெரும் நூலையே வெளியிட்டார். பத்திரிகையாளருக்கு அது ஒரு புதையல். அதைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு வேறொரு பட்டியல் நினைவுக்கு வரும். அந்தப் பட்டியலை எவரும் எழுதவில்லை.

மக்வுட்டின் உயிரைக் குடித்த முளைக்கருகே கோப்பிக் கன்றை நட்டது யார்? தமிழகத்தின் திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிமார் கூட்டிவந்த ஏழைகள். மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு அவர்கள் நடந்தே வந்தார்கள். மக்கிளாஷனைக் கொன்ற அதே காய்ச்சல், கூடவே வாந்திபேதி, பசி. 1841 முதல் 1848 வரை சுமார் 70,000 பேர் மாண்டிருப்பர் என்று 1849இல் 'கொழும்பு ஒப்சேவர்' மதிப்பிட்டது. அது அரசாங்கக் கணக்கன்று, ஒரு பத்திரிகையின் மதிப்பீடுதான். வரலாற்றாசிரியர்கள் கூட்டியும் குறைத்தும் வாதிடலாம். பாதி என்றே வைத்துக்கொள்வோம். 35,000 பேரில் ஒருவருக்காவது ஒரு கல் நாட்டப்பட்டதா?

இதை வெறும் பழங்கதையென்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களிடம் என்ன கேட்டது? இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தை இங்கே பிறந்தவர் என்று காட்டு, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு என்றது. முன்னோரின் பிறப்பையோ இறப்பையோ எவரும் முறையாக எழுதிவைக்காத இலட்சக்கணக்கானோர் நாடற்றவரானார்கள். எஞ்சியிருந்தோர் பிரச்சினையைத் தீர்க்க 2003இல்தான் ஒரு சட்டம் வந்தது. இங்கிலாந்திலிருந்து வருபவர், தம் பூட்டன் இந்த மண்ணில் இறந்தான் என்பதற்கு ஒரு கல்லைத் தொட்டுக் காட்டலாம். பதுளையிலோ ஹட்டனிலோ வாழ்பவரால் அது முடியாது.

மயானத்துக் காவலாளி என்னிடம் சிங்களத்தில், "யாருடைய கல்லறையைத் தேடுகிறீர்கள், மாத்தயா?" என்று கேட்டார். தத்தம் உறவினரைத் தேடித்தான் பலர் வருகிறார்களாம். சும்மா பார்க்க வந்தேன் என்றேன். வருகையாளர் புத்தகத்தில் பெயரும் ஊரும் எழுதிக் கையொப்பமிட்டு இறங்கினேன்.

அன்று பிற்பகல் தம்புள்ளைக்கு பஸ் ஏறினேன். கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி என்று வடக்கே போகும் வீதியை யாழ்ப்பாணத்தவர் எல்லோரும் அறிவர். ஏ-9 தான் அது. தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் இடையே அது ஏறக்குறைய அந்தக் கோப்பித் தொழிலாளர் நடந்த தடத்திலேயே செல்கிறது. யன்னலோர ஆசனம் கிடைத்தது. மாத்தளை கடந்த பின்னர் வெளியே பார்த்துக்கொண்டே போனேன். வீதியோரத்தில் கிலோமீற்றர் கற்கள் இருந்தன.