கடன்பட்ட ஊழியர்: பெப்ரிஷியஸின் இறுதி ஆண்டுகள்

திருச்சபை வரலாற்றை எழுதுவோர், தாம் போற்றும் ஊழியர்களின் வாழ்வில் சில ஆண்டுகளை மட்டும் விரைந்து கடந்துவிடுவதுண்டு. யோவான் பிலிப்பு பெப்ரிஷியஸின் முதுமைக் காலம் அத்தகையது. தேவ அன்பு மனிதனின் இடுக்கணில் எவ்வாறு விடையாகிறது என ஆராயும் நாம், அவ்வாண்டுகளையே இங்கு நோக்க விரும்புகிறோம்.

1711இல் ஜெர்மனியில் பிறந்த இவர் 1740இல் தரங்கம்பாடி வந்து, 1742 முதல் சென்னையில் பணியாற்றினார். மணம் புரியாமல் எளிய வாழ்வை மேற்கொண்டார். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோதும், 1758இல் லாலியின் படைகள் முற்றுகையிட்டபோதும், பழவேற்காட்டில் அடைக்கலம் புக நேர்ந்தது. 1761இல் புதுச்சேரி வீழ்ந்தபின் அங்கிருந்த அச்சுப்பொறி வேப்பேரிக்கு வந்து அவர் பொறுப்பில் விடப்பட்டது. திருமறை மொழிபெயர்ப்பும், 1779இல் வெளிவந்த தமிழ்–ஆங்கில அகராதியும், ஜெர்மானிய ஞானப்பாட்டுகளின் தமிழாக்கமும் அவருடைய உழைப்பின் கனிகள். போரும் கொள்ளைநோயும் கண்ட ஒரு நூற்றாண்டில் பிறந்தவை அம்மூலப் பாட்டுகளில் பல. பவுல் கெர்ஹார்ட் தம் பிள்ளைகள் ஐவரில் நால்வரை அடக்கம்பண்ணியவர் என்பதை, அவர் பாட்டுகளைத் தமிழில் பாடும் நம்மவர் பலர் அறியார்.

போரும் முற்றுகையும் அசைக்காத இந்த ஊழியரைப் பணம் வீழ்த்தியது. மிஷன் நிதியையும், பிறர் நம்பி ஒப்புவித்த பணத்தையும் அவர் வட்டிக்குக் கடனாகக் கொடுத்தார். வாங்கியோர் திருப்பித் தரவில்லை. தமக்கென்று அவர் எதையும் சேர்க்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் நல்லெண்ணம் கணக்கைத் தீர்ப்பதில்லை. ஒப்புவித்தவர்களின் இழப்பு இழப்புத்தான். தமிழுக்கு வேதம் தந்த முதியவர் கடனுக்காகச் சிறை புகுந்தார்.

இங்கேதான் நம் வினா கூர்மையாகிறது. யோபுவின் துன்பத்தை இவருக்கு உவமையாகக் கூற இயலாது; யோபு குற்றமற்றவன். ரோமர் 8ஆம் அதிகாரத்தில் பவுல் அடுக்கும் துன்பங்களில் உபத்திரவமும் பசியும் பட்டயமும் உண்டு, கடன் இல்லை. சுயதவறால் வந்த வெட்கமும் அங்கே பெயர் பெறவில்லை. அவ்வதிகாரத்தைத் தமிழாக்கியவரே இவர் என்பது நம்மைச் சற்றே நிறுத்தி வைக்கிறது. எனினும் பவுல் பட்டியலை மூடிவிடவில்லை. வேறெந்தச் சிருஷ்டியையும் அதில் அடக்கிவிட்டே முடிக்கிறார். கிறிஸ்துவுக்குள் வெளிப்பட்ட அன்பினின்று பிரிக்க வல்லது ஒன்றுமில்லை என்றால், கடன்காரனின் சிறைக்கதவும் வல்லதன்று என்றே நாம் பொருள் கொள்ளவேண்டும். அந்த அன்பு கடனை அழித்துவிடவில்லை. அவருடைய தவற்றைச் சரியென்று ஆக்கவுமில்லை. நெறி வழுவாத ஊழியருக்கு மட்டுமே உரியது தேவ அன்பு என எண்ணுவோர்க்கு, இவருடைய வாழ்வு இடறலாகவே நிற்கும், நிற்கட்டும்.

1788இல் அவர் மிஷன் பொறுப்பைக் கெரிக்கேயிடம் ஒப்புவித்தார். 1791 ஜனவரியில், ஏறத்தாழ 80ஆம் வயதில் மரித்தார். கணக்கு நூல்களில் அவர் பெயர் எவ்விதம் எழுதப்பட்டிருந்தாலும், அவருடைய வேதமொழிபெயர்ப்பைத் தமிழ் லுத்தரன் சபைகள் பல தலைமுறைகள் கைவிடாமல் வாசித்தன.