மல்லர் ஒருவரின் வழிச்செலவு

பிள்ளைகளைப் பந்தயங்களுக்காக ஊர் ஊராக அழைத்துச் செல்வதில் குடும்பத்தின் சேமிப்புக் கரைவது தகுமா என்னும் கேள்வி இந்நாளில் பல இல்லங்களில் எழுகின்றது. இது புதிய கேள்வியன்று. மகாராஷ்டிரத்தில், சதாரா மாவட்டத்தைச் சேர்ந்த கோளேஷ்வர் என்னும் சிற்றூரில் 1952-ஆம் ஆண்டிலேயே இது எழுந்துவிட்டது.

அவ்வூரில் 1926-இல் பிறந்தவர் காஷாபா தாதாசாகேப் ஜாதவ். தந்தையாரும் மல்லரே. 1948-இல் லண்டன் ஒலிம்பிக் பந்தயத்திற்கு ஜாதவ் சென்றபோது கோல்காபூர் மகாராஜா செலவை ஏற்றார். மண் கோதாவில் பழகியவர், மெத்தை விரிப்பின்மீது புதிய விதிகளின்படி பொருது ஆறாம் இடம் பெற்று மீண்டார். அடுத்த ஆண்டே கோல்காபூர் சமஸ்தானம் பம்பாய் மாகாணத்துடன் இணைந்தது. பழைய புரவலர் விலகினார். அவரிடத்தில் அமர வேண்டிய புதிய ஏற்பாடோ இன்னும் வேரூன்றவில்லை. 1952-இல் ஹெல்சிங்கி நகருக்குப் புறப்பட வேண்டிய வேளையில் இவ்விடைவெளியின் பாரம் முழுவதும் ஒரு குடியானவர் குடும்பத்தின் தலையில் விழுந்தது.

குடும்பத்தார் கையேந்தினர்; ஊரார் தம்மால் இயன்றதைத் தந்தனர். எனினும் போதவில்லை. அப்பொழுது, அவர் பயின்ற இராஜாராம் கல்லூரியின் முதல்வர் கர்டேக்கர் தம் வீட்டையே அடமானம் வைத்து 7,000 ரூபாய் அளித்தார். பெற்ற மகனுக்காக வீட்டை அடகு வைப்போர் உண்டு; மாணவனுக்காக வைத்தவரை நாம் மிகுதியாகக் கேட்டதில்லை.

ஜாதவ் வெண்கலப் பதக்கம் வென்றார். சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் ஒருவர் பெற்றுத் தந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. அடுத்தது கிட்ட 1996 வரை காத்திருக்க நேர்ந்தது. நூற்றுக்கு மேற்பட்ட மாட்டு வண்டிகள் ஊர்வலமாக வந்து அவரை வரவேற்றன. பின்னர் அவர் மற்போர்கள் நடத்தி, ஈட்டிய பொருளைக் கொண்டு முதல்வரின் வீட்டை மீட்டார். 1955-இல் போலீஸ் உத்தியோகத்தில் அமர்ந்தார். 1984-இல் சாலை விபத்தில் காலமானார். அர்ஜுனா விருது அவர் மறைந்த பின்னரே வந்தது.

இவ்வரலாற்றைக் கொண்டு எல்லாச் செலவும் தகும் என வாதிடுவோருடன் நாம் உடன்படவில்லை. அவர் மீண்டும் ஆறாம் இடமே பெற்றிருந்தால் அடமானம் என்னவாகியிருக்கும்? தோற்று மீண்டவர்களின் கடன் கணக்கை எவரும் எழுதி வைப்பதில்லை. குடியிருக்கும் கூரையையும், பந்தயத்திற்குப் போகாத மற்றப் பிள்ளைகளின் படிப்பையும் தொடாத வரையில் செலவிடலாம் என்பதே நமது கருத்து.

நம் சென்னையிலும் உதாரணம் உண்டு. 2024-இல் சதுரங்க உலகச் சாம்பியனான குகேஷ் சிறுவனாயிருந்தபோது, மருத்துவரான தந்தையார் தொழிலை நிறுத்திவிட்டு உடன் பயணம் செய்தார், தாயாரின் சம்பளத்தில் வீடு நடந்தது, நண்பர்களும் உதவினர். தாயாருக்கு ஒரு சம்பளம் இருந்தது என்பதை இங்கே மறத்தலாகாது.

சம்பளம் இல்லாத வீடுகளுக்கு வேறொரு வழி, புனேயை அடுத்த தாபோடியில் இருக்கிறது. அங்குள்ள இராணுவப் பொறியியற் கல்லூரியில் படகு வலிக்கும் பயிற்சிக்கென நீண்ட வாய்க்கால் உண்டு. பந்தயப் படகு ஒன்றின் விலை பல லட்சம். எளிய குடும்பம் கனவிலும் எண்ண இயலாதது. நாசிக் மாவட்டத்தின் வறண்ட கிராமமொன்றில் கிணறு வெட்டுபவரின் மகனான தத்து போகனல் 2012-இல் சிப்பாயாகச் சேர்ந்த பின்னரே துடுப்பைக் கையிலெடுத்தார். இங்கே பயின்று, 2016 ரியோ ஒலிம்பிக்கில் பதின்மூன்றாம் இடம் பெற்றார்; 2018 ஆசியப் போட்டியில் நால்வர் படகில் தங்கம் வென்றார். இதற்காக அவர் வீட்டில் எவரும் எதையும் அடகு வைக்க நேரவில்லை.