பிரான்ஸின் அணுமின்சாரம்

பிரான்ஸின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அணுவுலைகளிலிருந்து கிடைக்கிறது. இத்தனை பெரிய பங்கு வேறெந்த நாட்டிலும் இல்லை. 1973-இல் எண்ணெய் விலை பன்மடங்கு ஏறியபோது, அந்நாட்டின் மின்நிலையங்கள் பெருமளவு இறக்குமதி எண்ணெயை நம்பியிருந்தன. 1974 மார்ச்சில் பிரதமர் பியேர் மெஸ்மர் பெரும் அணுமின் திட்டத்தை அறிவித்தார். உள்நாட்டில் உருவான வாயுக் குளிர்விப்பு உலைகளை 1969-இலேயே கைவிட்டிருந்ததால், அமெரிக்க வெஸ்டிங்ஹவுஸ் உரிமத்தில் அழுத்த நீர் உலைகள் கட்டப்பட்டன. இத்திட்டம் வென்றதற்கு அணு அறிவியலைவிட, ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பக் கட்டியதே முதற்காரணம் எனலாம். அரசு மின் நிறுவனமான இ.டி.எஃப். மட்டுமே வாங்கியது; ஃபிராமடோம் நிறுவனம் உலைகளைச் செய்தது. 900 மெகாவாட் வகையில் 34, 1,300 வகையில் 20, 1,450 வகையில் 4 என உலைகள் எழுந்தன. ஓர் உலையில் கற்ற வெல்டரும் பொறியாளரும் அடுத்த உலைக்குப் போனார்கள். கட்டுமானம் நின்றதும் அந்தக் கைத்திறன் கலைந்தது. 2007-இல் புதிய வடிவத்தில் தொடங்கிய ஃபிளமான்வில் மூன்றாம் உலை 2012-இல் முடியவேண்டியது. மின்கட்டமைப்பில் இணைந்ததோ 2024 டிசம்பரில்தான்.

ஒரே வடிவம் என்றால் ஒரே குறை எல்லா உலைகளையும் தாக்காதா என்ற கேள்வி நியாயமானது. 2021 இறுதியில் சிவோ அணுமின் நிலையக் குழாய்களில் அரிப்பு விரிசல் தெரிந்தது. சோதனைக்காகப் பல உலைகள் நிறுத்தப்பட, 2022-இல் பல பத்தாண்டுகளுக்குப் பின் பிரான்ஸ் மின்சாரத்தை நிகர அளவில் இறக்குமதி செய்தது. ஆனால் மிகுதியாகப் பாதிக்கப்பட்டவை குழாய் அமைப்பு மாற்றப்பட்ட பிந்தைய வகைகளே. எண்ணிக்கையில் மிகுந்த 900 மெகாவாட் உலைகளுக்குப் பாதிப்பு குறைவு. ஆகவே அந்த ஆண்டை வைத்து முறையையே பழிப்பது சரியன்று. வலுவான மறுப்புகள் வேறு உண்டு. யுரேனியம் முழுவதும் வெளியிலிருந்தே வருகிறது. உள்நாட்டின் கடைசிச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. எனினும் அதை ஆண்டுக்கணக்கில் இருப்பு வைக்கலாம்; எண்ணெயை அவ்வாறு குவிக்க முடியாது. கழிவுப் பிரச்சினைக்கோ இன்னும் முடிவு வரவில்லை. பயன்படுத்திய எரிபொருளை லா ஆக் ஆலையில் மறுசுழற்சி செய்தாலும் உயர் கதிரியக்கக் கழிவு எஞ்சுகிறது; அதைப் பியூர் என்னும் ஊர் அருகே ஆழ்நிலத்தில் புதைக்கும் திட்டம் நீண்ட காலமாக எதிர்ப்பைச் சந்தித்து வருகிறது. அந்த எதிர்ப்பை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. மேலும் மின்சாரம் மட்டுமே நாட்டின் ஆற்றல் அன்று. வாகனங்கள் பெரும்பாலும் எண்ணெயில்தான் ஓடுகின்றன. இக்குறைகள் இருந்தும் பழைய முறையே தொடர்கிறது: 2022-இல் அறிவித்த ஆறு புதிய உலைகளும் பென்லி, கிரவ்லின், புஜே ஆகிய இடங்களில் இரண்டிரண்டாக, ஒரே வடிவத்தில் திட்டமிடப்பட்டுள்ளன.