தீபாவளிக்கு ஊருக்குப் போறீங்களா? பயந்த சுபாவமுள்ள நாயை யாரிடம் விடலாம்?

தீபாவளிக்குச் சொந்த ஊருக்குக் கிளம்புறீங்க. வீட்டு நாயோ வெடிச்சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் பதுங்கும் ரகம். என்ன செய்யலாம்?

புது இடம், புது ஆட்கள், பட்டாசு மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் அது தாங்காது. மிரண்டு ஓடித் தொலைந்துபோகவும் கூடும்.

எனவே, நாய்க்குப் பழகிய ஒருவர் உங்கள் வீட்டிலேயே வந்து தங்குவதுதான் நல்லது. காப்பகம்தான் வழி என்றால், முன்கூட்டியே ஒரு ராத்திரி அங்கே விட்டுப் பாருங்க. சாப்பிடாமல் ஓயாமல் குரைத்தால் வேறு ஏற்பாடு தேடுங்க.

ரேபிஸ் உள்ளிட்ட தடுப்பூசி விவர அட்டை, வழக்கமான உணவு, நீங்கள் உடுத்திய துவைக்காத துணி ஆகியவற்றைக் கொடுத்தனுப்புங்க. உங்கள் வாசனை அதற்கு ஆறுதல். கழுத்துப்பட்டையில் செல்போன் எண் கட்டாயம் இருக்கட்டும்.

தூக்க மாத்திரை? கால்நடை மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது.