தொனிவழி வரைதல்

புறக்கோடு போடாமல், வெளிச்சமும் நிழலும் படிந்த பரப்புகளாகவே உருவத்தை வரைந்து பழகும் முறை. இயற்கையில் கோடு கிடையாது. வெளிர் பரப்பு அடர் பரப்பைத் தொடும் இடத்தையே விளிம்பு என்கிறோம். இதற்கு வலுவான சான்று பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா (1859–1891) கோன்டே எனப்படும் கறுப்பு வரைகுச்சியால் 1880களில் வரைந்த படங்கள். சொரசொரப்பான தாளின் மேடுகளில் கறுப்பு ஒட்டும். பள்ளங்களில் தாளின் வெண்மை மினுங்கும். அழுத்தம் கூடக் கூட இருள் திரளும். உருவத்தின் வெளிச்சப் பக்கத்தை ஒட்டிப் பின்புலத்தைச் சற்றே கறுப்பாக்குவார். கோடில்லாமலே உருவம் பிரிந்து நிற்கும்.

கோட்டுப் பயிற்சி இல்லாவிட்டால் அளவு குலையும் என்பது பழைய ஆட்சேபம். அதில் நியாயம் உண்டு. பிரெஞ்சு ஓவியர் ஆங்கர் போன்ற மேதைகள் கோட்டினாலேயே உச்சம் தொட்டார்கள். சூராவும் முதலில் அந்த மரபில் பயின்றவர்தான். ஆனால் அளவைக் காப்பது ஒப்பிட்டுப் பார்க்கும் கண். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் சில்லறை விவரங்கள் மறைந்து, மூன்று நான்கு பெரிய வடிவங்களே மிஞ்சும். அவற்றின் இடமும் அளவும் சரியாக அமைந்துவிட்டால் முகச்சாயல் பெரும்பாலும் கைகூடிவிடும். ஆகவே புதிதாகப் பழகுபவர் கண், மூக்கு என்று உறுப்புறுப்பாகத் தொடங்காமல், நிழலின் வடிவத்தை முதலில் வரையட்டும்.