அளந்து போட்ட சோறு

1877 ஜனவரியில் சர் ரிச்சர்ட் டெம்பிள் மதராஸ் மாகாணத்துக்கு வந்து சேர்ந்தார். வைஸ்ராய் லிட்டன் பிரபு அனுப்பிவைத்த பஞ்சப் பிரதிநிதி அவர். தாது வருடப் பஞ்சம் ஊர் ஊராகக் குடும்பங்களைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம். மண் சுமக்கவும் கல் உடைக்கவும் நிவாரண வேலைக்கு வந்து நின்றவர்களுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுத்தால் உயிர் தங்கும் என்று கணக்குப் போட்டார். வளர்ந்த ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடவே ஓரணா. பெண்களுக்கும் வேலை செய்யும் சிறுவர்களுக்கும் அதைவிடக் குறைவு. ஒரு பவுண்டு என்பது ஏறக்குறைய 450 கிராம்.

டெம்பிள் எப்போதும் இப்படிக் கையை இறுக்கியவர் இல்லை. 1873-74 பீகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசியை வரவழைத்துக் கொட்டினார்; சாவும் பெருமளவு தடுக்கப்பட்டது. அதற்குப் பரிசாக, ஊதாரித்தனமாகச் செலவழித்தார் என்று மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்த வடுவோடுதான் மதராஸுக்கு வந்தார்.

அவரை எதிர்த்து எழுதியவர் மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மதராஸ் அறிக்கையைத் தயாரித்த மருத்துவர். நாளெல்லாம் உடலை வருத்துகிறவருக்குக் குறைந்தது ஒன்றரை பவுண்டு தானியம் வேண்டும், வெறும் தானியமும் போதாது, பருப்பும் காய்கறியும் சேர வேண்டும் என்பது அவர் கட்சி. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்புக்கும் மண் வெட்டும் உடம்புக்கும் ஒரே படி அளக்க முடியாது என்ற எளிய உண்மைக்காக அவர் அரசாங்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அந்த மார்ச்சில் மதராஸ் அரசு பாதி வழி இறங்கிவந்தது: ஒன்றேகால் பவுண்டு தானியம், ஒன்றரை அவுன்ஸ் பருப்பு. 43 கிராம் பருப்புக்கு இத்தனை போராட்டம். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி இந்தப் பஞ்ச காலத்து நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். பஞ்சம் ஓய்ந்தபோது பிரிட்டிஷ் இந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள்.

இன்று அலைபேசியில் ஓர் உணவுக் கணக்குச் செயலியைத் திறந்து, 'நாளொன்றுக்கு இவ்வளவு கலோரி, இவ்வளவு புரதம்' என்று இலக்கு வைத்து, பிடிக்காவிட்டால் மறுநாளே அதை மாற்றிக்கொள்கிறவருக்கு இந்தக் கதை எங்கோ தூரத்தில் இருப்பதாகத் தோன்றலாம். ஆனால் உணவுக்குத் தினசரி இலக்கு என்ற ஒன்று அதிகாரிகளின் மேசையிலும் சிறைச்சாலையிலும் பட்டாளத்திலும் வளர்ந்தது. தன் இலக்கைத் தானே வைத்துக்கொள்வது உண்பவருக்கு வெகு காலம் கழித்துக் கிடைத்த உரிமை.

கலோரி என்ற அளவை உணவுக்குப் பரவலாக்கியவர் அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர். 1890களில் கனெக்டிகட் மாநிலத்தின் மிடில்டவுனில் ஒரு மூடிய அறைக்குள் மனிதர்களை நாள்கணக்கில் தங்கவைத்து, உண்டதையும் உடல் வெளியிட்ட வெப்பத்தையும் அளந்தார். ஒரு கிராம் புரதத்துக்கு 4, மாவுச்சத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்று எல்லாச் செயலிகளும் இன்றும் பெருக்குவது அவர் போட்ட வாய்ப்பாட்டைத்தான். 1918இல் லுலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற பெண் மருத்துவர் எழுதிய எடைக்குறைப்பு நூல் அந்தக் கணக்கை வீட்டுச் சமையலறைக்குக் கொண்டுபோனது. 1200 கலோரி என்ற எண் பெண்களின் தலையில் ஏறி உட்கார்ந்தது அப்போதுதான்.

நம் பக்கம் இந்தக் கணக்கு நீலகிரி மலைமேல் தொடங்கியது. குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் 1918இல் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய ஆய்வு பின்னர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. இந்தியாவின் வெவ்வேறு வட்டாரச் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து எடைபோட்டுப் பார்த்தார். கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, கீரை என்ற சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் 235 கிராம். அரிசியை நம்பிய 'மதராஸி' உணவுக்கு 155 கிராம். வரிசையில் கடைசி நாம்தான். அவருக்குப் பின் வந்த வாலஸ் அய்க்ராய்டு 1937இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையைச் சிறு வெளியீடாகக் கொண்டுவந்தார். ஆய்வுக்கூடம் 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது; அட்டவணையும் திருத்தம் பெற்றுக்கொண்டே வந்தது. 2017 பதிப்பில் 528 உணவுகள் இருக்கின்றன.

இந்தக் கலோரிக் கணக்குத்தான் நாட்டின் ஏழைகளை எண்ணும் கோலாகவும் ஆனது. 1979இல் ஒய். கே. அலக் தலைமையிலான திட்டக்குழுப் பணிக்குழு, கிராமத்தில் 2400 கலோரி, நகரத்தில் 2100 கலோரி வாங்க எவ்வளவு செலவாகுமோ அதையே வறுமைக்கோடாக எடுத்துக்கொண்டது.

அதைச் சுற்றி எழுந்த விவாதத்தில்தான் 'நெகிழ்வு' என்ற கருத்து முதன்முறையாக அரசியல் வலுவோடு உள்ளே வந்தது. புள்ளியியலாளர் பி. வி. சுகாத்மே, ஒரே மனிதரின் தேவைகூட நாளுக்கு நாள் மாறும், உடல் ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும், ஆகவே சராசரிக்குக் கீழே உண்பவரையெல்லாம் ஊட்டமற்றவர் என்று எண்ணக் கூடாது என்றார். உடல் நெகிழும் என்ற கூற்றில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தின்படி கோட்டைத் தாழ்த்தினால் பசித்தவர்களின் எண்ணிக்கை காகிதத்தில் சடாரென்று குறைந்துவிடும். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் டேவிட் செக்லர் 1982இல் இன்னும் ஒரு படி மேலே போய், சிறுத்த உடம்பும் ஆரோக்கியமான உடம்பே என்று வாதிட்டார்.

பொறுக்க முடியாமல் எழுந்தவர் சி. கோபாலன். 1918இல் சேலத்தில் பிறந்து, மதராஸில் மருத்துவம் படித்து, குன்னூரில் ஆய்வைத் தொடங்கியவர். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் தலைமைப் பொறுப்பு வரை உயர்ந்தவர். குறைந்த உணவுக்குப் பழகிய உடம்பு அதற்கான விலையைக் கொடுத்துவிட்டுத்தான் பழகுகிறது, குழந்தை வளர்ச்சியை இழக்கிறது, பெரியவர் உழைப்பைக் குறைத்துக்கொள்கிறார் என்று அவர் திரும்பத் திரும்ப எழுதினார். 'சிறியது நலம்' என்பது ஏழைக்கு மட்டும்தானா, பணக்காரனுக்கு இல்லையா என்ற அவர் கேள்விக்கு எதிர்த்தரப்பில் நேரான பதில் வரவில்லை. கோபாலன் பக்கம்தான் நியாயம். நெகிழ்வான இலக்கு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது வரமும் ஆகும், கொடுமையும் ஆகும்.

2011இல் திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில் சொன்ன வறுமைக்கோடு நகரத்தில் நாளுக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய். நாடே கொதித்தது. அந்த ஆண்டு துஷார் வசிஷ்ட், மேத்யூ செரியன் என்ற இரண்டு இளைஞர்கள், இந்தியரின் சராசரி வருமானத்தில் வாழ்ந்து பார்ப்போம் என்று பெங்களூரில் மூன்று வாரம், வாடகை போக நாளுக்கு 100 ரூபாயில் இருந்தார்கள். பிறகு கேரளத்தில் கறுகச்சால் என்ற ஊரில் ஒரு வாரம் 26 ரூபாயில். புழுங்கலரிசி, கிழங்கு, வாழைப்பழம், கட்டன் சாயா. எந்தப் பொருள் எத்தனை பைசாவுக்கு எத்தனை கலோரி தரும் என்பதே நாள் முழுக்க நினைப்பு. பார்லே-ஜி பிஸ்கட்டில் 25 பைசாவுக்கு 27 கலோரி கிடைக்கிறது என்று கண்டு மகிழ்ந்தார்கள். மறு ஆண்டு துஷார் நண்பர்களோடு பெங்களூரில் தொடங்கியதுதான் 'ஹெல்திஃபைமி' செயலி. இட்லி, சப்பாத்தி, கிண்ணம் பருப்பு என்று நம் வீட்டு அளவிலேயே அதில் பதியலாம்.

அமெரிக்காவில் இது 2005இலேயே வந்துவிட்டது. மைக் லீ என்பவர் தன் கல்யாணத்துக்கு முன் எடை குறைக்க நினைத்தார். பயிற்சியாளர் கொடுத்த சத்து அட்டவணைப் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக எழுதுவது அலுப்பாக இருக்கவே, தானே ஒரு நிரல் எழுதினார். அதுவே 'மைஃபிட்னஸ்பால்'. அது முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று வேலை எப்படிப்பட்டது என்பது. வங்கிக் காசாளர், ஆசிரியர், தபால்காரர், தச்சர் என்று எடுத்துக்காட்டோடு நான்கு படிகள். எதைத் தொடுகிறோமோ அதற்கேற்ப இலக்கு ஏறும், இறங்கும். நடந்தால், ஓடினால் அன்றைய இலக்கோடு கலோரி கூடும்.

இந்தச் சுதந்திரத்துக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. உண்ணல் கோளாறுக்குச் சிகிச்சை பெற்ற 105 பேரிடம் நடத்தி 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் இந்தச் செயலியைப் பயன்படுத்தியிருந்தார்கள். அவர்களில் 73 சதவீதம் பேர் தங்கள் நோய்க்கு அதுவும் ஒரு காரணம் என்றார்கள். இலக்கைக் கீழே, இன்னும் கீழே தள்ளும் கை இப்போது தன் கையாகவே இருக்கலாம். பெண்களுக்கு 1200 கலோரிக்குக் குறைவாகச் செயலி தானாக இலக்கு வகுப்பதில்லை என்பது நல்ல வேலி. ஆனால் பீட்டர்ஸ் காலத்தில் எடை குறைக்கச் சொன்ன எண்ணே இன்று பாதுகாப்பின் கடைசி எல்லையாக நிற்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

2015இல் மைஃபிட்னஸ்பால் கட்டணச் சேவை தொடங்கியபோது, வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் தனி இலக்கு வைக்கும் வசதி காசு கட்டியவர்களுக்கே போனது. இலவசமாக வைத்திருப்பவர் சத்துகளின் பங்கை ஐந்தைந்து சதவீதமாகத்தான் நகர்த்த முடியும். கிராம் கணக்கில் துல்லியமாக வைக்கவும் பணம் கட்ட வேண்டும். நாளுக்கொரு இலக்கு நம் ஊர் வாழ்க்கைக்கு ஆடம்பரம் இல்லை. சஷ்டிக்கும் ஏகாதசிக்கும் ஒரு பொழுது இருப்பவர்கள் இருக்கிறார்கள், ரமலான் நோன்பு இருக்கிறது, இரவு ஷிப்டு மாறி மாறி வருகிறது. வாரத்தில் மூன்று நாள் சித்தாள் வேலை கிடைத்து நான்கு நாள் வீட்டில் இருப்பவரை நினைத்துப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் 2020 பரிந்துரைப்படி, உட்கார்ந்து வேலை செய்யும் 65 கிலோ ஆணுக்கு 2110 கலோரி, கடும் உழைப்பாளிக்கு 3470. பெண்ணுக்கு 1660, 2720. கலோரிக்குத் தனித்தனி நாள் இலக்கு என்ற அந்த ஒரே ஒரு வசதியையாவது இந்தியாவில் இயங்கும் செயலிகள் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட வேண்டும்.